கர்ணன் கையில் ஒரே ஓர் அஸ்திரம்!

கூத்துச் சண்டையும் கம்ப்யூட்டர் சண்டையும் ருசிப்பது எதனால்?

நடுச்சாமம். கோவில் திடல். பாய் விரித்து, ஜனங்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் மடியில் தலை வைத்துத் தூங்குகிறார்கள்.

திடீர் என்று மத்தளம் முழங்குகிறது. முகவீணை கூவுகிறது. இரண்டு பேர் ஒரு துணியை விரித்துத் திரையாகப் பிடிக்கிறார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. அதில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் பளிச் பளிச் என்று மின்னுகின்றன.

"எழுந்திருடா கண்ணு! கர்ணன் வந்துட்டான்!" என்று பேரனை உலுக்குகிறாள் ஆயா.

பேரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுகிறான். அப்புறம் விடியும் வரை அவனுக்குத் தூக்கம் இல்லை!

கலவையைச் சுற்றி உள்ள கிராமங்களில், திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் இதுதான் காட்சி. பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் தெருக்கூத்து. கடைசியில் தீமிதி.

கலவை, ராணிப்பேட்டை மாவட்டத்து ஊர். 2019-ம் ஆண்டு வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. ஒரு பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள். மறு பக்கம் செய்யாறு, காஞ்சிபுரம் என்று கூத்து வளர்ந்த மண். கூத்து வாத்தியார் குமாரசாமித் தம்பிரான் பெயரோடு கலவை என்ற ஊர்ப் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. தோல் இந்த வட்டாரத்து ஜனங்களுக்குப் பிழைப்பு. கூத்துக்காரருக்கோ தோல்தான் முழக்கம். மத்தளத்தின் இரண்டு முகமும் தோல் அல்லவா?

கூத்தில் விடிய விடியச் சண்டை. கத்தி உண்டு, அது மரக்கத்தி. வில் உண்டு, அம்பு பறக்காது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஆனாலும் கர்ணன் சாயும்போது கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

ஏன்?

வேஷம் கட்டும் விளையாட்டு

அந்தப் பேரன் பகலில் இன்னொரு சண்டை பார்க்கிறான். அது செல்போனுக்குள் நடக்கிறது. அந்தச் சண்டைக்கு ஒரு பாட்டன் உண்டு. அதுதான் பழைய கம்ப்யூட்டர் வேஷ விளையாட்டு.

வேஷ விளையாட்டு என்றால் என்ன?

1974-ம் ஆண்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர் ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வாள் வீரன். ஒருவர் மந்திரவாதி. ஒருவர் திருடன். அடி விழுந்ததா, தப்பியதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். அந்தக் கட்டைகளில் ஒன்றுக்கு 20 முகம்!

1981-ல் இந்த ஆட்டத்தின் வழியில் 'விசார்ட்ரி', 'அல்டிமா' என்ற இரண்டு கம்ப்யூட்டர் விளையாட்டுகள் வந்தன. கதை சொல்லுகிற வேலையையும், கட்டை உருட்டுகிற வேலையையும் கம்ப்யூட்டரே எடுத்துக்கொண்டது. இந்த வகையில் பிறகு நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் வந்தன.

அவற்றில் படம் மட்டம்தான். சத்தமும் கீச்சுக் கீச்சு என்று இருக்கும். ஆனாலும் தலை நரைத்தவர்கள் இன்றும் அவற்றைத் தேடி எடுத்து ஆடுகிறார்கள்.

கூத்துக் களத்தில் கேட்ட கேள்விதான் இங்கேயும். ஏன்?

புள்ளியில் ஒரு பூதம்

முதல் காரணம், பார்த்த உடனே ஆள் தெரிவது.

கூத்தில் கிருஷ்ணனுக்கு முகத்தில் பச்சை. துரியோதனனுக்குச் சிவப்பு. ராஜா வேஷத்துக்குப் பெரிய கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எல்லாம் லேசான மரத்தில் செதுக்கி, மினுக்குத் தாளும் கண்ணாடியும் ஒட்டியவை. கடைசி வரிசையில் உட்கார்ந்த கிழவருக்குப் பார்வை மங்கலாக இருக்கலாம். ஆனாலும் வந்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

எதற்காக இவ்வளவு பெரிய அணிகள்? அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கும் தீவட்டியும்தான் வெளிச்சம். அந்த மங்கல் வெளிச்சத்தில் ஆள் பெரிதாகத் தெரிய வேண்டும். ஆடும்போது கண்ணாடிச் சில்லு தீயை வாங்கி வீச வேண்டும். குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற கலை அது.

கம்ப்யூட்டருக்கும் அதே கஷ்டம் இருந்தது. அதற்குக் குறைந்தது வெளிச்சம் அல்ல, புள்ளி.

வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் திரையில் தெரியும் எல்லாப் படமும் புள்ளியால் ஆனதுதான். 1980-களின் கடைசியில் வந்த பல விளையாட்டுகளில் குறுக்கே 320 புள்ளி, நெடுக்கே 200 புள்ளி. மொத்தம் 64 ஆயிரம். இன்றைய செல்போன் பலவற்றில் 20 லட்சம் புள்ளிகளுக்கு மேல் இருக்கின்றன!

கோலம் போடுகிறவள் என்ன செய்கிறாள்? புள்ளி குறைவு என்றால், மயிலின் ஒவ்வோர் இறகையும் வரைவது இல்லை. கொண்டையும் தோகையும் போதும். பார்க்கிறவர் "மயில்!" என்று சொல்லிவிடுவார்.

ஜப்பானில் 1986-ல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டில் ஓவியர் அகிரா டோரியாமா அதைத்தான் செய்தார். ஒரு நீர்த்துளி வடிவம். இரண்டு கண். ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் பூதம்! அந்தச் சின்னப் பூதம் உலகம் எங்கும் பிரபலம் ஆகிவிட்டது. டோரியாமா 2024-ல் காலமானார். பூதம் இன்னும் சிரிக்கிறது.

படம் பாதியைச் சொல்லுகிறது. மீதியைப் பார்க்கிறவர் மனது வரைகிறது. தானே வரைந்தது தனக்குப் பிடிக்காமல் போகுமா?

உன் முறை, என் முறை

இரண்டாவது காரணம், முறை.

கூத்தில் இரண்டு வீரர்கள் எதிரே வந்த உடனே அடித்துக்கொள்வது இல்லை. ஒருவன் பாட்டால் சவால் விடுகிறான். மற்றவன் வசனத்தால் பதில் சொல்லுகிறான். இவன் கிறுகிறு என்று சுழன்று ஆடுகிறான். அவனும் சுழல்கிறான். கட்டியங்காரன் நடுவில் புகுந்து கிண்டல் செய்கிறான். அப்புறம்தான் அடி! அதற்குள் ஜனங்களின் நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும்.

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டும் அப்படித்தான். பூதம் எதிரே வந்து நிற்கும். ஆட்டம் காத்திருக்கும். அடிக்கலாமா? மந்திரம் சொல்லலாமா? ஓடிவிடலாமா? அவசரம் இல்லை. ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுக்கூட யோசிக்கலாம். ஆனால் முடிவு ஆடுகிறவருடையது. ஜெயித்தால் தன் புத்தி. தோற்றால் தன் பிசகு.

1998-ல் வந்த 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டில் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லோரும் சிலை மாதிரி நிற்பார்கள். யோசித்து, உத்தரவு போட்டு, மறுபடி ஓட விடலாம். அதன் மூன்றாம் பாகம் 2023-ல் வந்தது. முறை வைத்து அடிக்கிற பழைய வழிக்கே அது திரும்பியது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசையும் வாங்கியது!

அடி விழ வேண்டும்

அப்படியானால் முறை வைத்து அடிப்பது ஒன்றுதான் வழியா? இல்லை.

'டயாப்ளோ' என்று ஒரு விளையாட்டு, 1996-ம் ஆண்டு கடைசியில் முடிந்து வெளிவந்தது. முதலில் அதிலும் முறைதான் இருந்தது. தயாரிப்பின் நடுவில் அதை மாற்றினார்கள். பொத்தானைத் தட்டு, உடனே அடி! எலும்புக்கூடு நொறுங்கும் சத்தம். தங்கக் காசு விழும் 'கிளிங்' ஓசை. ஜனங்கள் சொக்கிப்போனார்கள்.

கூத்து வாத்தியார்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். வீமன் கதையை ஓங்குகிறான். கதை எதிரியின் மேல் படுவதே இல்லை. ஆனால் அதே நொடியில் மத்தளக்காரர் 'தொம்' என்று ஓர் அடி வைக்கிறார். தாளம் 'சல்' என்கிறது. காலில் சலங்கை குலுங்குகிறது. அடி ஜனங்களின் காதில் விழுந்துவிட்டது! கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் சேதி போனால், மனது நம்பிவிடும்.

திரும்பி வராத அம்பு

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் விலை.

கர்ண மோட்சத்தைப் பாருங்கள். கவசமும் குண்டலமும் கர்ணனோடு பிறந்தவை. இந்திரன் பிராமண வேஷத்தில் வந்து அவற்றைத் தானமாக வாங்கிப் போய்விட்டான். மிச்சம் இருப்பது நாகாஸ்திரம். அதையும் ஒரே ஒரு தடவைதான் விடலாம். தாய் குந்திக்கு அவன் கொடுத்த வாக்கு அது.

தேர் ஓட்டும் சல்லியன், "மார்புக்குக் குறி வை" என்கிறான். கர்ணன் கேட்கவில்லை. தலைக்கு வைக்கிறான். கிருஷ்ணன் தேரை அழுத்துகிறான். அஸ்திரம் அர்ச்சுனன் கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது.

போனது போனதுதான். இன்னொன்று இல்லை!

கதை தெரியாதவர் அந்தத் திடலில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அஸ்திரம் தவறும்போது எல்லோரும் 'ஐயோ' என்கிறார்கள்.

பழைய வேஷ விளையாட்டின் உயிரும் இதுதான். 'விசார்ட்ரி'யில் மந்திரத்துக்குக் கணக்கு உண்டு. தீர்ந்துவிட்டால், பாதாளத்தில் இருந்து ஏறி வந்து விடுதியில் தூங்கினால்தான் மறுபடி கிடைக்கும். வீரன் செத்தால் கோவிலுக்குத் தூக்கிப் போக வேண்டும். காணிக்கை கட்ட வேண்டும். பூஜை பலித்தால் எழுவான். பலிக்காவிட்டால் சாம்பல் ஆவான். சாம்பலுக்கும் ஒரு முறை முயற்சி செய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால் அவன் அடியோடு போய்விட்டான். பல நாள் பாடுபட்டு வளர்த்த வீரன்!

அதனால்தான் ஒவ்வொரு மந்திரத்தையும் கருமி காசு எண்ணுவது போல எண்ணிச் செலவழித்தார்கள். அதனால்தான் ஜெயித்தபோது துள்ளிக் குதித்தார்கள்.

காசுக்கு வெற்றி

இப்போது செல்போனுக்கு வருவோம்.

இன்றைய செல்போன் விளையாட்டுகளில் படம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் பலவற்றில் பெரிய வாள் வேண்டுமா? காசு கட்டு. செத்த வீரன் உடனே எழ வேண்டுமா? மறுபடி காசு கட்டு. அம்பு தீராது, அப்பாவின் பணம்தான் தீரும்!

இழப்பு இல்லாத சண்டையில் வெற்றிக்கு மதிப்பு ஏது? ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். சலிப்பை மறைக்க இன்னும் பெரிய வாள் வேண்டும். பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

"விளையாடவே கூடாது" என்று சொல்லிப் பயன் இல்லை. எந்த விளையாட்டு என்று பார்க்கலாம். பெற்றோர்கள் மூன்று கேள்வி கேட்டால் போதும். யோசிக்க நேரம் தருகிறதா? தப்புக்கு விலை உண்டா? அந்த விலை புத்தியா, காசா?

இன்னொரு காரியமும் செய்யலாம். பங்குனி முதல் ஆடி வரை பாரதக் கூத்து நடக்கும். பிள்ளையை ஓர் இரவு அழைத்துப் போகலாம்.

கூத்துக்கும் ஆள் வேண்டும். செய்யாறு பக்கத்துப் புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்து ஆடும் குடும்பத்தைச் சேர்ந்த புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அது பெருமை. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி புருயினும் கட்டைக்கூத்து குருகுலம் நடத்தினார்கள். 2002 முதல் பிள்ளைகள் அங்கே பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. பார்க்க ஜனங்கள் வந்தால்தான் ஆட ஆள் வருவார்கள்.

விடியும் நேரம். படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். வீமன் தொடையில் அடிக்கிறான். திரௌபதி கூந்தலை முடிகிறாள். சபதம் தீர்ந்தது. சண்டையும் தீர்ந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு ஆயா நடக்கிறாள். பேரன் கேட்கிறான்:

"ஆயா! கர்ணன் அந்த அம்பை இன்னொரு தடவை விட்டிருந்தா ஜெயிச்சிருப்பான்ல?"

"ஜெயிச்சிருப்பான்டா. ஆனா அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துட்டானே!"

பேரன் வீடு வந்து சேரும் வரை பேசவே இல்லை.