பீடிகை

சொல்ல வந்ததைச் சொல்லாது சுற்றி வளைப்பவரைக் கண்டால், "பீடிகை பலமாயிருக்கிறதே" என்பது நம்மவர் வழக்கம். கைமாற்றுக் கேட்க வந்தவர், வீட்டிலுள்ளோர் சுகத்தை ஒவ்வொருவராக விசாரிக்கும்போதே வந்த காரியம் விளங்கிவிடுகின்றது. இவ்வாறு கேலிக்குரியதாகிவிட்ட இச்சொல்லின் பிறப்போ மிக உயர்ந்தது.

பீடிகை என்பது வடசொல். பீடம், ஆசனம் என்பன அதன் முதற்பொருள். மணிமேகலைக் காப்பியத்தில் அச்சொல் அப்பொருளிலேயே வருகின்றது. மணிபல்லவத் தீவிலே தனித்திருந்த மணிமேகலை, புத்த பீடிகையைக் கண்டு தொழுது தன் பழம்பிறப்பை உணர்கின்றாள். அத்தீவு நமது நயினாதீவே என்று கொள்ளும் அறிஞரும் உளர். திருவுருவைத் தாங்கும் ஆசனத்தின் பெயர், பின்னர் சொல்லப்புகும் பொருளைத் தாங்கும் முன்னுரைக்கும் ஆயிற்று.

நூலின் முன்வருவதைப் பாயிரம் என்பர். முகவுரை, அணிந்துரை முதலாக அதற்கு வேறு பெயர்களையும் பவணந்தி முனிவர் நன்னூலில் எடுத்துரைக்கின்றார். தோற்றுவாய் என்பது உரையாசிரியர்கள் விரும்பி ஆண்ட சொல், அழகிய சொல்லுங்கூட.

அவையடக்கம் இவற்றின் வேறானது. கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டது அவையடக்கம். கற்றோர்முன் பணிதலே அதன் தொழில். கதைக்கு வழிதிறப்பது அன்று.

இவ்வேறுபாட்டை மேடைப் பேச்சாளர் பலர் மறந்துவிடுகின்றனர். தலைவரையும் பெரியோரையும் தாய்மாரையும் வரிசையாக விளித்து, தமக்குத் தகுதியில்லை என்பதை நெடுநேரம் நிலைநாட்டி, "இனி விடயத்துக்கு வருகிறேன்" என்னும்போது மணி அடித்துவிடுகின்றது. பீடிகை நீண்டுவிட்டது என்று சபையோர் முணுமுணுக்கின்றனர். உண்மையில் அவர் விளித்தார், அடங்கினார், பீடிகை இடவேயில்லை.

பீடிகை எப்படியிருத்தல் வேண்டும் என்பதற்குத் திருக்குறளுக்குப் பரிமேலழகர் வகுத்த உரைப்பாயிரம் தக்க சான்று. உறுதிப்பொருள் நான்காயிருக்க, நூலிலே மூன்று பால்களே உள்ளன. வீட்டுக்கு ஏன் தனிப்பால் இல்லை? கற்கப்புகும் எவர்க்கும் இவ்வினா எழும். வீடு மனத்துக்கும் வாக்குக்கும் எட்டாதது. ஆதலின் அதற்குக் காரணமாகிய துறவறத்தின் வாயிலாகவே அது கூறப்பட்டது என்று அவர் தெளிவிக்கின்றார். இதனை நீக்கிவிட்டால், மாணவன் அவ்வையத்தைச் சுமந்துகொண்டே 1330 குறளையும் கடக்க நேரிடும்.

வானொலிப் பேச்சிலோ விளிப்பதற்குக் கண்முன்னே அவை இல்லை. கேட்பவர் அடுப்படியிலும் இருப்பர், சாய்மனைக் கதிரையிலும் இருப்பர். சலிப்புத் தட்டினால் கருவியை நிறுத்திவிடுவர். ஆகவே மேடையிலே அரைமணி நேரம் நீளும் தொடக்கம் இங்கே இரண்டு மூன்று வாக்கியங்களுள் அடங்கிவிடுகின்றது. அவற்றுள் எஞ்சி நிற்பது, இன்று பேசப்படும் பொருள் யாது, அதனை ஏன் கேட்கவேண்டும் என்பதே. சொல்லின் பழைய பொருளில் அதுதான் பீடிகை.