நீலம் நிலைக்க எந்தத் தாள் வேண்டும்?

மாணவர்களே, நகலெடுக்கும் வெள்ளைத்தாள் ஒன்றில் ஒரு சொட்டு வினிகர் விட்டு, உருப்பெருக்காடியால் பாருங்கள். நுண்ணிய குமிழிகள் எழுந்தால் அந்தத் தாளில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணப்பொடி கலந்திருக்கிறது. அமிலம் பட்டதும் அது கரியமில வாயுவை வெளியிடுகிறது.

தாளில் சுண்ணம் எதற்கு? மரக்கூழ்த் தாள் நாளடைவில் அமிலத்தன்மை அடைந்து, பழுப்பேறி நொறுங்கும். அதைத் தடுப்பது சுண்ணத்தின் வேலைகளுள் ஒன்று. ஆனால் நூலைக் காக்கும் அதே சுண்ணம் 'சயனோடைப்' என்னும் நீலப்படத்துக்குப் பகை.

இம்முறையை 1842இல் கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல். இதற்கு இரண்டு இரும்பு உப்புகள் தேவை: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இவற்றின் கரைசலைத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் நீல நிறமி உருவாகும். இலை மறைத்த இடத்தில் உள்ள உப்பு தண்ணீரில் கழுவியதும் போய்விடும். காரத்தன்மை உள்ள தாளிலோ அந்த நீலம் மெல்லச் சிதைந்து வெளிறும்.

புக்கிட் பெலண்டோக் தோட்டப் பகுதி மாணவர்களுக்கு வெயிலுக்கும் பஞ்சமில்லை, இலைக்கும் பஞ்சமில்லை. ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் கொண்ட ரப்பர் இலை இதற்கு அழகாகப் பொருந்தும். தேர்ந்தெடுக்க வேண்டியது தாளைத்தான். செய்தித்தாள் கழுவும்போதே கிழியும். ஊறும் தாளில் கரைசல் உள்ளே இறங்கிப் படம் மங்கும். பருத்தி இழையால் ஆன, சுண்ணம் சேராத நீர்வண்ணத் தாள் நல்லது. வெள்ளைப் பருத்தித் துணியும் ஏற்றதே. ஆனால் பிறகு அதைச் சோப்புப் போட்டுத் துவைத்தால் நீலம் போய்விடும், சோப்பும் காரம்தான்.

சுண்ணம் உள்ள தாள் மட்டுமே கிடைத்தால், அதை முதலில் நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, கழுவி உலர்த்திய பிறகே கரைசலைப் பூசுங்கள். ஆசிரியர் முன்னிலையில், கையுறை அணிந்து செய்யுங்கள். ஃபெரிசயனைடுடன் வலுவான அமிலத்தைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு உண்டாகலாம்.

படத்துக்கு அடித்தளம் எது என்ற கேள்வி பழையது. 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், மெழுகு ஊட்டிய தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். அக்காலக் கண்ணாடித் தகடு கனமானது, உடையக்கூடியது. பூசிய ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். மெழுகுத் தாளையோ முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒரே நீள்படமாக இணைத்தார்.

அன்னா அட்கின்ஸ் 1843இல் கடற்பாசிகளை நீலப்படமாக்கி வெளியிடத் தொடங்கிய நூலின் படிகள் இன்றும் நீலமாகவே இருக்கின்றன. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை ஏறிய தோட்டங்கள் நம் நாட்டில் பல. பறித்த இலை சில வாரங்களில் சருகாகிவிடும். சரியான தாளில் பதிந்த அதன் உருவத்தை உங்கள் பேரப்பிள்ளைகளும் பார்க்கலாம்.