ஆட்டிசக் கணக்கெடுப்பும் பேச்சுப் பயிற்சியும்

இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் தாம் எடுத்த கணக்கை விக்டர் லாட்டர் 1966-இல் வெளியிட்டார். பதினாயிரம் குழந்தைகளில் நால்வர் அல்லது ஐவரிடமே ஆட்டிசம் காணப்பட்டது. பல்வல், காங்ரா, தேன்கனால், வடகோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 குழந்தைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான இந்திய ஆய்வோ, ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்கிறது. இதைக் கொண்டு குறைபாடு பன்மடங்கு பெருகிவிட்டது என முடிவு கட்டலாகாது. லாட்டர் எண்ணியது கடுமையான நிலையை மட்டுமே. பிற்காலத்தில் ஆட்டிசத்தின் வரையறையே விரிந்துவிட்டது.

பேச்சுப் பயிற்சியாளருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. "பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை" என்றே பெற்றோர் பலர் முதலில் வருகின்றனர். செவித்திறனைச் சோதிப்பது முதற்கடமை. ஆனால் அத்துடன் நின்றுவிட்டால் போதாது. பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்புகிறதா, விரும்பியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா எனவும் நோக்க வேண்டும். விளம்பர வாசகத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தை, தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்க அறியாதிருக்கலாம். சொற்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இக்குழந்தையைத் தவறவிடுவார். பயனுள்ள ஆண்டுகள் வீணாகும்.

ஆகவே உச்சரிப்புப் பயிற்சிக்கு முன்னதாகச் சைகை, படஅட்டை முதலியவற்றால் கருத்தைத் தெரிவிக்கப் பழக்குதல் வேண்டும். நூற்றுக்கு ஒருவர் எனில், பயிற்சி நிலையங்களால் மட்டும் இப்பணி இயலாது. உணவூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் குழந்தை கேட்கும்வரை சற்றுப் பொறுத்திருக்கத் தாய்க்கும் தந்தைக்கும் கற்பிப்பதும் பயிற்சியாளரின் வேலையாகிறது.