நான்கு ஓம் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் 14. எங்கள் சேரியிலிருந்து புறப்பட்ட அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம், ஊர்த்தெருவுக்குள் திரும்பிய இடத்தில் பாட்டு நின்றுபோனது. அந்தத் தெரு வழியாகப் போக அனுமதி கேட்டு நாங்கள் பல ஆண்டுகள் மனுக்கொடுத்து அலைந்திருந்தோம்.

லோடு ஆட்டோவின் பின்புறம் காரில் வைக்கும் இரண்டு சப்வூஃபர்கள், ஓர் ஆம்ப்ளிஃபயர். முதலில் ஒரு முனகல். பிறகு சத்தமே இல்லை. அடுத்து வயர் உருகும் நாற்றம். வண்டியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை அவசரமாகத் தூக்கி இறக்கினோம். ஒருவர் பேட்டரி முனையைக் கழற்றினார். திண்ணையிலிருந்து யாரோ சிரித்தார்கள். முழக்கமிட்டபடியே நடந்து தெருவைக் கடந்தோம்.

வயரை யாரோ வெட்டிவிட்டார்கள் என்றுதான் அன்று இரவு பேசிக்கொண்டோம். மறுநாள் வண்டியைப் பார்த்தவர் திண்டிவனத்தில் கார் ஆடியோ வேலை செய்யும் எங்கள் தெருத் தம்பி. “யாரும் எதுவும் பண்ணலண்ணா. நாமதான் தப்பா குடுத்திருக்கோம்” என்றார்.

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. எங்கள் சப்வூஃபர் ஒவ்வொன்றிலும் இரண்டு காயில்; ஒவ்வொரு காயிலும் 4 ஓம். ஆக மொத்தம் நான்கு காயில். நான்கையும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று ஒன்றாக முறுக்கிக் கொடுத்திருந்தோம். இது பக்க இணைப்பு. இப்படிச் சேர்த்தால் மொத்த மின்தடை 1 ஓம்தான். ஆம்ப்ளிஃபயரின் இரண்டு சேனலையும் ஒன்றாக்கி ‘பிரிட்ஜ்’ செய்யும்போது 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. நாங்கள் படிக்கவில்லை. மின்தடை நான்கில் ஒரு பங்கானால், அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் நான்கு மடங்காகும். அதைத் தாங்காமல்தான் ஆம்ப்ளிஃபயர் கருகியது.

சரியான வழி என்ன? ஒரு சப்வூஃபரின் முதல் காயில் மைனஸை இரண்டாவது காயில் பிளஸ்ஸோடு சேர்க்க வேண்டும். இது தொடர் இணைப்பு: 4-ம் 4-ம் சேர்ந்து 8 ஓம். அடுத்த சப்வூஃபரும் அப்படியே 8 ஓம். பிறகு இரண்டு சப்வூஃபரையும் பக்க இணைப்பில் கொடுத்தால் 4 ஓம். ஆம்ப்ளிஃபயர் கேட்டதும் அதுதான். ஒன்றில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் ஒரு கோன் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். அதிர வேண்டிய பேஸ் அடங்கிப்போகும்.

அதைவிடப் பெரிய தவறு வேறு. முந்தைய வாரம் போன பியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிவைத்திருந்தோம். பியூஸ் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும், வயர் உருகியிருக்காது. 500 வாட் ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். அதற்கு வீட்டு வயர் போதாது. தடித்த செம்பு வயர் வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். இவற்றில் எதுவும் செலவைச் சார்ந்ததல்ல என்று சொல்லமாட்டோம். ஆனால், அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் நம் பிள்ளைகள்.

நம் தாத்தாக்கள் பறையைத் தீயில் காய்ச்சியவர்கள். எவ்வளவு சூடு காட்டினால் தோல் இறுகும், எவ்வளவு காட்டினால் கிழியும் என்று அறிந்தவர்கள். அதை அறிவு என்று ஊர் ஒப்புக்கொண்டதில்லை. சாவுக்கு அடிக்கும் கட்டாய வேலையாக அவர்கள்மேல் சுமத்தியது. இன்று ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் பேரனின் வேலை அவனே தேர்ந்துகொண்டது. அதைக் கைப்பழக்கத்தோடு நிறுத்தாமல் கணக்கோடு கற்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

அந்தத் தம்பி பத்தாம் வகுப்போடு நின்றவர். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘மின்னோட்டவியல்’ பாடத்தில் இதே தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் இருக்கின்றன. அதைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இது எதுக்குன்னு அப்ப யாரும் சொல்லலண்ணா” என்றார். மாணவர்களே, அந்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். உங்கள் தெருவில் வயர் முறுக்கும் அண்ணனிடம் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். படிப்பை விட்டவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவுகள் உண்டு. கடை வைக்க நினைப்பவர்கள் தாட்கோவில் மானியத்துடன் கூடிய கடன் பற்றிக் கேளுங்கள்.

சத்தத்துக்கும் சட்டம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவிடத்தில் கூடாது. நம் ஊர்வலத்தை நிறுத்தக் காரணம் தேடுபவர்களுக்கு நாமே ஒரு காரணத்தை எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

வண்டியின் முன்னால் யாருடைய படத்தைக் கட்டுகிறோமோ, அவர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். நாட்டின் மின்சாரக் கொள்கையை வகுக்கும் பணியும் அப்போது அவரிடம் இருந்தது. இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அடுத்த ஆண்டு வயரிங் முழுவதையும் அந்தத் தம்பியே செய்தார். இணைப்புப் படத்தை ஓர் அட்டையில் வரைந்து ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மூடியில் ஒட்டினார். ஊர்த்தெரு முனையில் வண்டி திரும்பியபோது நாங்கள் எல்லோரும் பாட்டைக் கேட்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெரு முடியும்வரை பாட்டு நிற்கவில்லை.