விலா எலும்பு தெரிகிறதே!

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவரைப் பார்த்து ஊரார் கேட்கும் முதல் கேள்வி, "சோறே போடுறதில்லையா?" என்பதுதான். வயிறு ஒட்டியிருக்கும், கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தோலுக்கடியில் தெரியும். கேள்வியில் தப்பில்லை. பதில் அந்த நாய் பிறந்த மண்ணில் இருக்கிறது.

வேட்டை நாய்களில் மோப்பம் பிடித்துப் போகிறவை ஒரு வகை, கண்ணால் பார்த்து விரட்டுகிறவை இன்னொரு வகை. சிப்பிப்பாறை பிறந்த கோவில்பட்டி, சிவகாசி பக்கத்துக் கரிசல் காடு வெட்டவெளி. அங்கே முயல் கிளம்பினால் மோந்துகொண்டு நிற்க நேரமேது? சிப்பிப்பாறை இரண்டாவது வகை.

ஓடும்போது பாருங்கள். முதுகு வில்லாக வளைய, பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னால் விழும். அதற்கு இடம்விடத்தான் வயிறு அப்படி உள்வாங்கியிருக்கிறது. ஒரு பாய்ச்சலில் நான்கு காலும் இரண்டு தடவை தரையை விட்டு எழும்பும்: உடல் மடங்கும்போது ஒரு தடவை, நீளும்போது ஒரு தடவை. குதிரைக்கே ஒரு தடவைதான். இறங்கிய நெஞ்சு பெரிய இதயத்துக்கும் நுரையீரலுக்கும். சாட்டை மாதிரி வால், சட்டென்று திரும்பும்போது நிலை தடுமாறாமல் இருக்க.

செவலை, சாம்பல் என்று ஒரே நிறமாக இருந்தால் சிப்பிப்பாறை. கறுப்பு உடம்பில் புருவத்திலும் முகவாயிலும் காலிலும் பழுப்பு இருந்தால் அது கன்னி என்ற இன்னொரு இனம். உடல்வாகு ஏறக்குறைய ஒன்றே.

ஒல்லியா, பட்டினியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொடையைத் தொட்டுப் பாருங்கள். சதை கெட்டியாகத் திரண்டிருந்தால் நல்ல ஆரோக்கியம். தொடை வற்றி, இடுப்பெலும்பு துருத்தினால்தான் கவலைப்பட வேண்டும்.

குணமும் அந்த ஓட்டத்திலிருந்து வந்ததே. முயலுக்குப் பின்னால் பாய்கிற நாய், வெகுதூரம் பின்தங்கிவிட்ட எஜமானின் குரலுக்குக் காத்திருக்க முடியாது. தானே முடிவெடுக்க வேண்டும். அதனால் பந்தை எறிந்தால் எடுத்து வராமல் சும்மா பார்க்கும். வீட்டில் ஒருவர் இருவரிடம் உயிராக இருக்கும், வேற்றாள் தடவ வந்தால் நகர்ந்துகொள்ளும். அதட்டி அடித்தால் ஒடுங்கிப்போகும். பொறுமையாகச் சொன்னால்தான் படியும். பகலெல்லாம் சுருண்டு தூங்கும். பூனையோ கோழியோ ஓடிவிட்டால் மட்டும் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. சாலையோரத்தில் கயிறில்லாமல் விடவே கூடாது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று முயல் வேட்டை குற்றம். வேலை போய்விட்டது, கால்கள் மட்டும் ஓடக் கேட்கின்றன. காலையும் மாலையும் ஓட, வேலி போட்ட இடம் உங்களிடம் இருந்தால் தாராளமாக வாங்கி வளர்க்கலாம். அடுக்குமாடி வீட்டுப் பால்கனிதான் இருக்கிறது என்றால் வேண்டாம். வாங்கியபின் யார் கேலி செய்தாலும், விலா மறையட்டும் என்று சோற்றை அள்ளிப் போடாதீர்கள்.