பூட்டிய வீடும் பழைய மின்னஞ்சலும்

ஊரில் ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. இரண்டு வருடம் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். முற்றத்தில் செடி முளைக்கும். நிலைப்படியில் கரையான் ஏறும். ஆனாலும் வீடு இருக்கும். பரணில் வைத்த பித்தளைப் பாத்திரம் பரணிலேயே இருக்கும். மின்னஞ்சலும் அப்படித்தான் என்று நான் எண்ணியிருந்தேன். அது எவ்வளவு தவறு என்று பட்டுத் தெரிந்துகொண்ட கதையை நம் வாசகர்களிடம் சொல்லி வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் டில்லிக்கு வந்தது 1984-ல். அன்று முதல் மாயவரத்திலிருந்து அப்பாவின் இன்லண்ட் லெட்டர் மாதம் இரண்டு தவறாமல் வரும். 2003-ல் என் அக்கா மகன் அவரை ஒரு பிரௌசிங் சென்டருக்கு அழைத்துப் போய், இலவச மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கிக் கொடுத்தான். எனக்கும் அதே நிறுவனத்தில் ஒன்று இருந்தது. எழுபத்திரண்டு வயதில் அப்பா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார். ஆற்றில் தண்ணீர் வந்தது, எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது எல்லாம் அதில் இருக்கும். கடைசி வரி மட்டும் எப்போதும் அம்மாவுடையது. "அம்மா சொல்லச் சொன்னாள்" என்று ஆரம்பித்து, குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு ஆபீஸ் போகாதே என்று முடியும்.

2009-ல் அப்பா காலமானார். அதன் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு வேலையும் இல்லை, மனமும் வரவில்லை. அம்மா எங்களோடு டில்லிக்கு வந்துவிட்டாள். 2018 பொங்கலன்று பேச்சுவாக்கில் கேட்டாள்: "அப்பா கம்ப்யூட்டரில் எழுதினதெல்லாம் இருக்காடா? ஒரு தடவை படிச்சுக் காட்டேன்."

பாஸ்வேர்டு நினைவுக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் மகளின் செல்லப் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்து கதவைத் திறந்தன. உள்ளே ஒன்றுமே இல்லை. அன்றுதான் தொடங்கிய கணக்கு போலத் துடைத்து வைத்திருந்தது. நீண்ட நாள் திறக்காததால் நிறுவனம் கடிதங்களை அழித்துவிட்டது என்று கணினித் துறையில் இருக்கும் உறவினர் விளக்கினார். தொடங்கும்போது "சம்மதம்" என்று நான் தட்டிய நிபந்தனைகளிலேயே அது இருந்ததாம். யார் படித்தார்கள்?

அதன் பிறகுதான் மற்ற நிறுவனங்களின் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். இலவச மின்னஞ்சல் நமக்குச் சொந்த வீடு அல்ல. யாரோ ஒருவர் தம் திண்ணையில் கொடுத்த இடம். பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா, ஜாக் ஸ்மித்துடன் சேர்ந்து 1996-ல் ஹாட்மெயிலைத் தொடங்கியபோது ஒருவருக்குக் கிடைத்த இடம் 2 எம்.பி. 2004-ல் ஜிமெயில் வந்தபோது அது 1 ஜி.பி. ஆயிற்று. இடம் பெருகினாலும், ஆள் வராத பெட்டிகளை நிறுவனங்கள் காலி செய்துகொண்டுதான் இருக்கின்றன.

கூகுள் 2023 மே மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தனிநபர் கணக்கு ஒன்று இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் இருந்தால், அதிலுள்ள கடிதங்கள், டிரைவில் உள்ள ஆவணங்கள், போட்டோஸில் உள்ள படங்கள் அனைத்தோடும் அதை அழிக்கலாம் என்பது விதி. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறைக்கு வந்தது. அழிக்கும் முன் எச்சரிக்கைகள் வரும். ஆனால் அவை அந்தக் கணக்குக்கும், நாம் கொடுத்துள்ள மாற்று முகவரிக்கும்தான் வரும். மாற்று முகவரி கொடுக்காதவருக்கு, பூட்டிய வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிய கதைதான். மைக்ரோசாப்டிலும் கணக்குக்கு இரண்டு ஆண்டுதான் கெடு.

இதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். பழைய கணக்குகளில் பாஸ்வேர்டு பழையது. இரண்டாவது பூட்டாகிய இருபடிச் சரிபார்ப்பு பெரும்பாலும் இராது. திருடனுக்கு ஆளில்லா வீடுதானே வசதி?

அழிந்த முகவரி வேறு கைக்குப் போவதும் நடந்திருக்கிறது. 2013-ல் யாஹூ, ஓராண்டுக்கு மேல் பயன்படாத முகவரிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தது. பழையவருக்கு வரவேண்டிய கடிதங்கள் புதியவருக்கு வந்து சேர்ந்ததாகப் புகார்கள் எழுந்தன. (ஜிமெயில் முகவரி அப்படி வேறொருவருக்குத் தரப்படுவதில்லை.) உங்கள் வங்கியிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் இன்று எந்த முகவரி இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

கைபேசி எண்ணும் அப்படியே. ஊருக்குப் போனால் மட்டும் போடுவோம் என்று மேஜை டிராயரில் வைத்திருக்கும் பிரீபெய்டு சிம், 90 நாள் பயன்படாமலும் பணம் இல்லாமலும் இருந்தால் துண்டிக்கப்படலாம். பிறகு வேறொருவருக்கும் போகலாம். மின்னஞ்சலின் சாவி அந்த எண்ணில் இருந்தால் இரண்டும் சேர்ந்து போயிற்று.

கணக்குக்குரியவர் மறைந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. 2004-ல் ஈராக்கில் உயிரிழந்த அமெரிக்க வீரர் ஒருவரின் தந்தை, மகனின் கடிதங்களை யாஹூவிடம் கேட்டார். நிறுவனம் மறுத்தது. 2005-ல் மிச்சிகன் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அவருக்குக் கிடைத்தன. நமக்கு அந்த அலைச்சல் வேண்டாம். 2013 முதல் கூகுளில் "இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்" என்ற வசதி இருக்கிறது. 3, 6, 12 அல்லது 18 மாதம் நம் நடமாட்டம் இல்லையென்றால், நாம் குறித்த பத்துப் பேர் வரை தகவலும், நாம் அனுமதித்த கடிதங்களும் படங்களும் போய்ச் சேரும். உயில் எழுதுவது போலத்தான். அமங்கலமாக நினைக்க வேண்டியதில்லை.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய கணக்கு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். வேண்டிய கடிதங்களைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். மிக வேண்டியதைக் காகிதத்தில் அச்சிடுங்கள். ஊரில் பெற்றோரின் கணக்கு இருந்தால், அவர்கள் இருக்கும்போதே அவர்களையே உட்கார வைத்துச் செய்யுங்கள்.

அன்று அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "போனால் போகட்டும்டா. அந்த நீலக் காகிதத்தை எடு" என்றாள். டிரங்குப் பெட்டியில் அப்பாவின் இன்லண்ட் லெட்டர்கள் ஆண்டுவாரியாக நூல் கட்டி இருந்தன. 1987-ல் எழுதிய ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் கறை. அன்று இரவு பதினோரு மணி வரை படித்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

2003-க்குப் பிறகு அவள் சொல்லச் சொன்ன வரிகள் மட்டும் இல்லை.