கல் சொன்ன கடல்வழி – 9: தாமரையா, இலையா?

“தாமரைதாங்க அது. எங்க தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான் சொல்லுவோம்.”

பரங்கிமலை உச்சியிலுள்ள மாதா கோயிலில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இது. பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்திருக்கும் கற்சிலுவையின் அடிப்பகுதியைத்தான் அவர் காட்டினார். மூன்று படிகளின் மேல் சிலுவை நிற்கிறது. அதன் காலடியிலிருந்து இரு பக்கமும் இதழ்போல ஏதோ சுருண்டு விரிகிறது. உச்சியில் அலகைக் கீழ்நோக்கி நீட்டி ஒரு பறவை இறங்குகிறது. சிலுவையில் இயேசுவின் உருவம் கிடையாது. இவை எல்லாவற்றையும் சுற்றி இரண்டு தூண்கள், தூண்களின் மேல் இரண்டு மகரங்கள், மகர வாய்களிலிருந்து புறப்படும் ஒரு வளைவு.

மகரத்தைப் பார்த்ததும் நமக்குப் பழகிய இடம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பல்லவர், சோழர் கோயில்களில் கோஷ்டத்துக்கு மேலே இருக்கும் அதே மகர தோரணம்தான். ஆனால் வளைவின் விளிம்பில் ஓடும் எழுத்து தமிழும் அல்ல, கிரந்தமும் அல்ல. அது பஹ்லவி, பழைய பாரசீகத்தின் எழுத்து.

சென்ற வாரம் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளைப் பார்த்தோம். கி.பி. 849-ல் கொல்லத்துத் தேவாலயத்துக்கு அளித்த அந்தச் சாசனத்தில் சாட்சிகளான வணிகர்கள் அரபி, எபிரேய எழுத்துகளோடு பஹ்லவியிலும் கையெழுத்திட்டிருந்தார்கள். அதே வணிகர் உலகம்தான் இந்த மலையிலும் தன் எழுத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

1547-ல் போர்த்துக்கீசியர் மலைமேல் பழைய இடிபாடுகளைத் தோண்டியபோது இந்தக் கல் வெளியே வந்தது. இயேசுவின் சீடர் தோமையாரே தம் கையால் செதுக்கியது என்று மக்கள் நம்பினார்கள். 1558 டிசம்பர் 18-ஆம் நாள் பூசையின்போது கல்லில் இரத்தம் கசிந்ததாகவும், 1704 வரை அது பல முறை நிகழ்ந்ததாகவும் கோயில் மரபு சொல்கிறது. அந்த நம்பிக்கையை அளந்து பார்ப்பது என் வேலையல்ல. நான் எழுத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எழுத்தைப் படிக்கப் போர்த்துக்கீசியர் ஒரு பிராமணப் பண்டிதரை அழைத்தார்கள். ஒவ்வொரு குறியும் பல சொற்களைக் குறிக்கும் என்று சொல்லி, தோமையாரின் வரலாறு முழுவதையும் அவர் அதிலிருந்து படித்துக் காட்டினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வேறு விடை கிடைக்கவில்லை. பின்னாளில் தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த ஏ.சி. பர்னல், 1873-ல் இது பஹ்லவி என்று எடுத்துக்காட்டி எழுதினார். அதன் பிறகு அறிஞர்கள் ஒருவர்பின் ஒருவராக முயன்றார்கள். 20-ஆம் நூற்றாண்டில் வின்க்வொர்த் படித்தபடி, கிறிஸ்துவிடம் இரக்கம் வேண்டி நிற்பவர் சஹர்புக்தின் மகன் அஃப்ராஸ். கெர்ட் குரோப் படித்தபடி அவர் கபிரியேல். இத்தாலிய அறிஞர் செரெத்தியும் அவருடைய குழுவினரும் 2002-ல் சப்ரிஷோ என்று படித்தார்கள். மகன் பெயரை மூன்று விதமாகப் படித்தும் தகப்பன் பெயர் மாறவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் தகப்பன்தான். கேரளத்தில் கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை, ஆலங்காடு ஆகிய ஊர்களின் பழைய சிலுவைகளிலும் இதே வாசகம் இருக்கிறது. ஒரே ஆளின் மன்றாட்டு இத்தனை ஊர்களுக்குப் போயிருக்கிறது. முதலில் வெட்டிய கல்லைப் பார்த்துப் பிறகு வந்தவர்கள் எழுத்து புரியாமலே படியெடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

இப்போது பெரியவரின் தாமரைக்கு வருவோம்.

இலங்கையின் அநுராதபுரத்தில் 1912-ல் ஒரு சிலுவை கிடைத்தது. 6-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி, இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுதியிருக்கிறார். அவர்களுடைய சிலுவையாக அது இருக்கலாம் என்பது பலருடைய கருத்து. அங்கே மகரம் இல்லை, தோரணம் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் சிலுவையின் அடியில் இரு பக்கமும் இலை விரிகிறது! தாமரைக் குளமும் மகர தோரணமும் எட்டாத ஆர்மீனியாவுக்குப் போனால், கச்கார் என்னும் கற்சிலுவைகளிலும் அடியிலிருந்து இலைகள் கிளம்புகின்றன. பட்ட மரமாகிய சிலுவை துளிர்த்து உயிர்மரமாகிறது என்பது கீழைத் திருச்சபைகளின் பழைய எண்ணம்.

ஆகவே என் முடிவு இது: இலை சிலுவையோடு சேர்ந்து கப்பலில் வந்தது, மகரம் இந்தக் கரையில் சேர்ந்தது. கோயில் வேலை தெரிந்த ஒரு சிற்பியிடம் பாரசீக வணிகர் ஒருவர் சிலுவைக்கு இடம் கேட்டிருக்க வேண்டும். தெய்வத்துக்கு எப்படி இடம் அமைப்பது என்று அந்தச் சிற்பிக்கு ஒரு வழிதான் தெரியும். தூண் நிறுத்தி, மகரம் வைத்து, தோரணம் வளைத்துக் கொடுத்திருக்கிறார். அவருக்குக் கட்டளையிட்டவரும் அதை மறுக்கவில்லை.

அதனால் தாமரை என்று பெரியவர் சொன்னது தவறு என்று நான் சொல்லமாட்டேன். சீனாவின் சியான் நகரில் 781-ல் நாட்டிய கல்வெட்டில், இதே பாரசீகத் திருச்சபையினர் சிலுவையை உண்மையான தாமரை மேலேயே நிறுத்தியிருக்கிறார்கள். பாரசீகத்து இலை கிழக்கே போகப் போகத் தாமரையாகி இருக்கிறது. பரங்கிமலையில் அந்த மாற்றத்தின் நடுவழியைப் பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பறவையைப் புறா என்பார்கள், பரிசுத்த ஆவியின் அடையாளம். மயில் என்று கண்டவர்களும் உண்டு. மயிலுக்கு எய்த அம்பு பட்டுத் தோமையார் இறந்தார் என்று மார்க்கோ போலோ கேட்டு எழுதிய கதை அவர்கள் மனதில் இருந்திருக்கும். அலகையும் கழுத்தையும் பார்த்தால் புறாவாகவே எனக்குப் படுகிறது.

மலைக்குப் போகிறவர்கள் பீடத்தருகே சற்று நேரம் நின்று அந்த இரண்டு மகரங்களையும் பாருங்கள். சிலுவையை எல்லோரும் பார்க்கிறார்கள். மகரங்களைச் செதுக்கியவரின் பெயர் அந்தக் கல்லில் இல்லை.

(அடுத்த வாரம்: கோட்டயம் வலியபள்ளியின் இரண்டு சிலுவைகள்)